படம் பார்க்கப் போனவர் படம் எடுத்த கதை

சினிமா பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஒரேயொரு படத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர், இருந்ததையெல்லாம் விற்று, மனைவியின் நகைகளையும் அடகு வைத்து, இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டு, உலகமே வியக்கும்படி ஒரு படத்தை எடுத்து முடித்தார் என்றால் அதை என்னவென்று சொல்வது? அவர்தாம் வங்கம் தந்த திரைப்பட மேதை சத்யஜித் ரே அவர்கள். பொது அறிவுப் போட்டிக்காக அவர் பெயரை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். 1992ஆம் ஆண்டில் பாரத ரத்னா, அதே ஆண்டில் ஆஸ்கார் கௌரவ விருது என்று கேட்டவுடன் சொல்லிவிடுவோம். விருதுக்கு முன்னால் அந்த மனிதர் பட்ட பாடுதான் நமக்குத் தெரிவதில்லை. அதையே இங்கு எழுத விரும்புகிறோம்.

ரே அவர்கள் 1921ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் கல்கத்தா நகரில் பிறந்தார். (இன்று அதைக் கொல்கத்தா என்கிறோம்.) அவர் பிறந்த வீட்டிலேயே அச்சகமும் இருந்தது. பாட்டனார் உபேந்திரகிஷோர் பல கலைகள் அறிந்தவர். கதை எழுதுவார், படம் வரைவார், வயலின் வாசிப்பார். புகைப்படங்களை அச்சில் கொண்டுவருவதற்கான பிளாக்குகள் செய்யும் தொழிலில் நம் நாட்டின் முன்னோடிகளில் ஒருவர் அவர். 1913இல் சிறுவர்களுக்காக 'சந்தேஷ்' என்ற மாத இதழைத் தொடங்கினார். சந்தேஷ் என்றால் வங்காளத்தில் செய்தி என்றும் பொருள், ஓர் இனிப்புப் பண்டம் என்றும் பொருள். பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்!

தந்தை சுகுமார் ரே, குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் வேடிக்கைப் பாடல்களை எழுதியவர். வங்காளத்தில் அவற்றை அறியாத பிள்ளைகள் இல்லை. ஆனால் அவர் காலா அசார் என்னும் கொடிய காய்ச்சலுக்கு ஆளாகி, படுக்கையில் இருந்தபடியே எழுதியும் வரைந்தும் வந்தார். 1923 செப்டம்பரில் அவர் காலமானபோது வயது 35. அவருடைய புகழ் பெற்ற பாடல் தொகுதி அச்சாகி வெளிவந்தது அவர் மறைந்து ஒன்பது நாட்களுக்குப் பிறகு! சிறுவன் சத்யஜித்துக்கு அப்போது இரண்டு வயதும் நான்கு மாதமும்தான். தந்தையின் முகம் அவருக்கு நினைவில் நின்றிருக்குமா என்பதே சந்தேகம். சிரிக்க வைக்கும் அந்தப் புத்தகத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்த மகனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

சில ஆண்டுகளில் அச்சகமும் கைவிட்டுப் போயிற்று. தாயும் மகனும் தாய்மாமன் வீட்டிற்குக் குடிபெயர்ந்தார்கள். தாயார் சுப்ரபா அவர்கள் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. கணவனை இழந்த பெண்களுக்கான ஒரு பள்ளியில் தையல் வேலை கற்றுக்கொடுக்கும் ஆசிரியையாகச் சேர்ந்தார். மகனுக்கு எட்டு வயது வரையில் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தவரும் அவரே.

மகனை ஒருமுறை சாந்திநிகேதனுக்கு அழைத்துச் சென்றார் தாயார். சிறுவன் நீட்டிய ஒரு நோட்டுப் புத்தகத்தில் கவி தாகூர் சில வரிகளை எழுதிக் கொடுத்து, பெரியவனானதும் இதன் பொருள் விளங்கும் என்றாராம். மலைகளையும் கடல்களையும் காண ஊர் ஊராய் அலைந்துவிட்டு, தன் வீட்டு வாசலில் புல் நுனியில் நின்ற பனித்துளியைக் காணாமல் இருந்துவிட்டேனே என்பதுதான் அதன் கருத்து. பிற்காலத்தில் அச்சிறுவன் எடுத்த படத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் நன்றாகவே விளங்கும். குளத்து நீரின் மேல் துள்ளும் சிறு பூச்சிகளைக் கூட விடாமல் காட்டியிருக்கிறார்!

பள்ளிப் பருவத்திலேயே ரே அவர்களுக்குச் சினிமாப் பைத்தியம் உண்டு. டயானா டர்பின் என்ற ஹாலிவுட் நடிகைக்கு ரசிகர் கடிதம் எழுதினார், பதில் வந்தது. ஜிஞ்சர் ராஜர்ஸுக்கு எழுதினார், பதில் வரவில்லை. இதை 1992இல் ஆஸ்கார் விருது பெற்ற வேளையில் அவரே நினைவுகூர்ந்தார் என்றால், அறுபது வயது கடந்த பின்னும் அந்த ஏமாற்றம் மறக்கவில்லை போலும்! பிரெசிடென்சி கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். அதில் அவருக்கு நாட்டமில்லை. பிறகு தாயாரின் விருப்பத்திற்கு இணங்கிச் சாந்திநிகேதனில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். நந்தலால் போஸ், வினோத் பிஹாரி முகர்ஜி ஆகிய பெரும் ஓவியர்கள் அங்கே ஆசிரியர்கள். நகரத்துப் பிள்ளையாக வளர்ந்தவர் கிராமத்தையும் மரத்தையும் வயலையும் கண் திறந்து பார்த்தது அங்கேதான். அங்கிருந்த நூலகத்தில் சினிமாக் கலை பற்றிய சில புத்தகங்களும் அவருக்குக் கிடைத்தன. படிப்பை முடிக்காமலேயே 1942 இறுதியில் ஊர் திரும்பிவிட்டார்.

1943இல் டி. ஜே. கீமர் என்ற ஆங்கிலேய விளம்பரக் கம்பெனியில் படம் வரையும் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 80 ரூபாய். புத்தகங்களுக்கு அட்டைப்படமும் வரைந்தார். நேருஜியின் 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா' நூலின் முதற்பதிப்புக்கு அட்டை அமைத்தவர் அவரே. விபூதிபூஷண் பந்தோபாத்தியாய் எழுதிய 'பதேர் பாஞ்சாலி' நாவலைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி வெளியிட்டபோது அதற்குச் சித்திரம் வரையும் வேலையும் அவரிடம் வந்தது. வங்கக் கிராமம் ஒன்றில் வறுமையில் வாடும் குடும்பத்தில் அபு என்ற சிறுவனும், துர்கா என்ற அவன் அக்காளும் வளரும் கதை அது. வரைய வரைய அக்கதை அவர் மனத்தில் படமாக ஓடத் தொடங்கிற்று.

இனி அவர் சினிமா கற்ற விதத்தைக் கேளுங்கள். அந்நாளில் நம் நாட்டில் அதற்கென்று பள்ளி ஏது? அவர் கொட்டகைக்குப் போகும்போது கையில் நோட்டுப் புத்தகத்துடன் போவார். இருட்டிலேயே குறிப்பு எழுதுவார். நடிகர்களைப் பற்றியல்ல, டைரக்டர் இந்த இடத்தில் ஏன் காமிராவை நகர்த்தினார், ஏன் இந்தக் காட்சியை இங்கே வெட்டினார் என்று எழுதுவார். அடுத்து வரப்போகும் படம் இன்ன நாவலின் கதை என்று அறிவிப்பு வந்தால் போதும், வீட்டில் உட்கார்ந்து தாமே அதற்குத் திரைக்கதை எழுதிவிடுவார். படம் வந்தவுடன் போய் ஒப்பிட்டுப் பார்ப்பார். யாரும் கொடுக்காத வீட்டுப்பாடத்தைத் தாமே எழுதித் தாமே திருத்திக்கொண்ட மாணவர் அவர். கொடுத்த வீட்டுப்பாடத்திற்கே நாம் எத்தனை சாக்குச் சொல்கிறோம்!

1947இல் சிதானந்த தாஸ்குப்தா முதலான நண்பர்களுடன் சேர்ந்து கல்கத்தா ஃபிலிம் சொஸைட்டியைத் தொடங்கினார். ரஷ்யப் படமான 'பாட்டில்ஷிப் பொட்டெம்கின்' முதலியவற்றை வரவழைத்துப் பார்த்து, விடிய விடிய விவாதித்தார்கள். 1949இல் ஜான் ரென்வார் என்ற பிரெஞ்சு டைரக்டர் 'தி ரிவர்' என்ற படத்தை எடுப்பதற்காக இடம் பார்க்கக் கல்கத்தா வந்தார். ரே அவர்கள் அவருக்கு வழிகாட்டியாக ஊர்ப்புறங்களுக்கெல்லாம் சென்றார். ஒரு வாழைத் தோப்பையும் குளக்கரையையும் ஒரு பெரிய கலைஞர் எப்படி நின்று பார்க்கிறார் என்பதை உடனிருந்து கண்டார். அந்த ஆண்டில்தான் விஜயா என்னும் மங்கையை மணந்தார்.

மறு ஆண்டு, அதாவது 1950இல், கம்பெனி அவரை வேலைப் பயிற்சிக்காக லண்டனுக்கு அனுப்பிற்று. மனைவியும் உடன் சென்றார். அங்கிருந்த ஐந்தாறு மாதங்களில் அவர் பார்த்த படங்கள் ஏறத்தாழ நூறு! அவற்றுள் லண்டன் சேர்ந்த சில நாட்களிலேயே பார்த்த படம் ஒன்றுதான் அவர் வாழ்வைத் திருப்பியது. அது இத்தாலிய டைரக்டர் விட்டோரியோ டி சிகா 1948இல் எடுத்த 'பைசிகிள் தீவ்ஸ்'. சைக்கிள் திருடர்கள் என்று பொருள்.

அதன் கதையைச் சொல்லத்தான் வேண்டும். போர் முடிந்த சமயம். ரோமாபுரியில் வேலையில்லாத் திண்டாட்டம். அந்தோனியோ என்ற ஏழைக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. ஆனால் சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகில் இருக்கிறது. அவன் மனைவி மரியா சற்றும் யோசிக்காமல் கட்டிலில் விரித்த படுக்கை விரிப்புகளை உருவிக்கொண்டு போய் அடகு வைத்து, சைக்கிளை மீட்டுத் தருகிறாள். அடகுக் கடை ஊழியர் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு உயர உயர ஏறுகிறார். மேலே பார்த்தால் அதேபோல் நூற்றுக்கணக்கான மூட்டைகள்! ஊரே விரிப்பில்லாமல் படுத்திருக்கிறது என்பதை ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிவிட்டார் டி சிகா. வேலையில் சேர்ந்த முதல் நாளே, ஏணியில் நின்று சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருக்கையில், எவனோ சைக்கிளைத் திருடிக்கொண்டு ஓடிவிடுகிறான்.

தந்தையும் சிறுமகன் புரூனோவும் ரோமாபுரித் தெருக்களெல்லாம் சைக்கிளைத் தேடி அலைகிறார்கள். கிடைக்கவில்லை. இறுதியில் மனம் உடைந்த தந்தை, மகனைப் போகச் சொல்லிவிட்டு, ஒரு சுவரோரம் நின்ற வேறொருவர் சைக்கிளைத் தாமே திருடப் பார்க்கிறார். பிடிபடுகிறார். கூட்டம் கூடி அவரை அடிக்கிறது. இவ்வளவையும் மகன் பார்த்துவிடுகிறான். சைக்கிளுக்குரியவர் அந்தச் சிறுவனின் முகத்தைப் பார்த்துவிட்டு, போலீஸில் ஒப்படைக்காமல் விட்டுவிடுகிறார். அழுகையை அடக்கிக்கொண்டு நடக்கும் தந்தையின் கையை மகன் பற்றிக்கொள்கிறான். இருவரும் கூட்டத்தில் மறைந்து போகிறார்கள். அவ்வளவுதான் படம். சைக்கிள் கிடைக்கவேயில்லை.

தந்தையாக நடித்தவர் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. நடிப்பே அறியாதவர். காட்சிகள் பெரும்பாலும் உண்மைத் தெருக்களில் எடுக்கப்பட்டன. சினிமா தோன்றி நூறாண்டு ஆனதையொட்டி 1995இல் வத்திக்கான் சிறந்த திரைப்படங்கள் நாற்பத்தைந்தைத் தேர்ந்து ஒரு பட்டியல் வெளியிட்டது. நல்ல மாண்புகளை உணர்த்தும் படங்கள் என்ற பிரிவில் இந்தப் படமும் இடம் பெற்றிருக்கிறது. திருட்டைக் காட்டும் படத்திற்கு இப்படியொரு மதிப்பா என்று சிலருக்குத் தோன்றலாம். பார்த்தவர்களுக்குத் தோன்றாது.

ரே அவர்களுக்கு அப்படம் ஒரு விடையாக வந்தது. வெயிலையும் மழையையும் நம்பி வெளியில் படமெடுக்க முடியாது, நடிகர் அல்லாதவரை வைத்து எடுக்க முடியாது என்று கல்கத்தாவில் தொழில் தெரிந்தவர்கள் அவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். முடியும் என்று டி சிகா காட்டிவிட்டார். ஊர் திரும்பும் கப்பலிலேயே 'பதேர் பாஞ்சாலி'யைப் படமாக்குவதற்கான குறிப்புகளை எழுதத் தொடங்கினார். நூறு படம் பார்த்துவிட்டு இத்தாலியப் படத்தைப் போலவே ஒன்று எடுக்கலாம் என்று அவர் எண்ணவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ரோமாபுரித் தெரு அவரைத் தம் வங்கக் கிராமத்திற்குத் திருப்பி அனுப்பியது.

நாவலாசிரியர் 1950இல் காலமாகிவிட்டார். அவருடைய மனைவியார் படமெடுக்க இசைவு தந்தார். ஆனால் பணம்? காட்சிகளையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் சித்திரமாக வரைந்து எடுத்துக்கொண்டு, படமுதலாளிகளின் படிகளில் ஏறி இறங்கினார். பாட்டில்லை, நடனமில்லை, பெயர் பெற்ற நடிகரில்லை, டைரக்டரோ விளம்பரக் கம்பெனி ஓவியர். யார் பணம் போடுவார்கள்? இரண்டு ஆண்டு அலைந்தார். பின்னர் இன்ஷூரன்ஸ் பாலிசியின் பேரில் கடன் வாங்கித் தாமே தொடங்கிவிட்டார். வேலையை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் படப்பிடிப்பு.

காமிராமேன் சுப்ரதோ மித்ராவுக்கு அப்போது வயது 21 அல்லது 22. சினிமாக் காமிராவை அதற்கு முன் இயக்கியதே இல்லை! 1952 அக்டோபர் 27ஆம் நாள் முதல் படப்பிடிப்பு நடந்தது. வெள்ளை வெளேரென்று நாணற்பூ பூத்துக் கிடக்கும் வெளியில், அபுவும் துர்காவும் முதன்முதலாக ரயிலைக் காண ஓடும் காட்சி. அன்று பாதி எடுத்தார்கள். அடுத்த வாரம் மீதியை எடுக்கலாம் என்று போய்ப் பார்த்தால் ஒரு பூ இல்லை! மாடுகள் வந்து அத்தனையும் மேய்ந்துவிட்டன. மறு வருடம் நாணல் பூக்கும் வரையில் காத்திருந்துதான் அக்காட்சியை முடித்தார்கள். திரையில் அது சில நிமிடமே வருகிறது. ரயிலின் கரும்புகையும் வெண்பூக்களும் சேர்ந்து வரும் அந்த இடத்தில் எங்கள் வகுப்பு முழுவதும் மூச்சு விடாமல் இருந்தது. மாடுகளைப் பற்றி அப்போது எங்களுக்குத் தெரியாது.

துர்காவாக நடித்தவர் உமா தாஸ்குப்தா என்ற பள்ளி மாணவி. பள்ளி நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவர், நம்மைப் போலத்தான். இந்தப் படத்தோடு திரையை விட்டு விலகி, ஆசிரியைப் பணி செய்து, 2024 நவம்பரில் காலமானார். அபுவுக்கு ஏற்ற பையனைத் தேடி விளம்பரம் செய்தும் கிடைக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த சுபீர் என்ற பையனை விஜயா அம்மையார்தாம் கண்டுபிடித்தார். முகம் சரி; நடிப்பு வரவில்லை. அக்காளைத் தேடிக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தபடி நட என்றால் பொம்மைபோல் நேராக நடந்தான். ரே அவர்கள் கோபிக்கவில்லை. அவன் நடக்கும் வழியில் சிறுசிறு குச்சிகளைப் போட்டு, ஒவ்வொன்றையும் தாண்டி வரச் சொன்னார். இரு பக்கமும் ஆட்களை மறைந்து நிற்கவைத்து மாறி மாறிக் கூப்பிடச் செய்தார். பையன் தயங்கித் தயங்கித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான், காட்சி அமைந்துவிட்டது. மிட்டாய்க்காரர் பின்னால் பிள்ளைகளோடு ஒரு நாயும் போக வேண்டும். நாய் அசையவில்லை. துர்கா தன் கையில் ஒரு சந்தேஷை முதுகுப்புறம் மறைத்து வைத்துக்கொண்டு நடந்த பிறகே அது பின்தொடர்ந்தது. (பாட்டனாரின் பத்திரிகைப் பெயர் இங்கேயும் உதவிற்று!)

பாட்டி இந்திர் வேடத்திற்கு எண்பது வயதைத் தொட்ட சுனிபாலா தேவி என்ற பழைய நாடக நடிகை கிடைத்தார். முதுகு கூனி, பல் போய், நினைவு மட்டும் கூர்மையாக இருந்தவர். போன மாதம் எடுத்த காட்சியில் தம் சேலை எந்தப் பக்கம் ஈரமாக இருந்தது, கையில் மூட்டை இருந்ததா இல்லையா என்பதை அவரே எடுத்துச் சொல்லித் திருத்துவாராம். பாட்டி இறந்து பாடையில் எடுத்துச் செல்லும் காட்சி எடுத்த அன்று, காட்சி முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் நடுங்கிப் போனார்கள். சற்றுப் பொறுத்து அவர் கண் திறந்து, முடிந்துவிட்டதென்று யாரும் சொல்லவில்லையே, அதனால்தான் பிணமாகவே கிடந்தேன் என்றாராம்!

கைப்பணம் தீர்ந்தது. ரே அவர்கள் தம் ஓவிய நூல்களையும் இசைத்தட்டுகளையும் விற்றார். விஜயா அம்மையார் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். அதுவும் தீர்ந்து, படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்றே போயிற்று. இந்த இடத்தை நாங்கள் படித்தபோது எங்களுள் ஒருத்தி சற்று நேரம் பேசவில்லை. அவளுக்குப் படமெடுக்கப் படிக்க வேண்டும் என்று ஆசை. வீட்டில் சம்மதமில்லை. பெண்ணுக்கு எதற்கு அந்த வேலை, அதில் சோறு கிடைக்குமா என்று கேட்கிறார்கள். அது நியாயமான கேள்விதான். ரே அவர்களுக்கே அந்த நாட்களில் விளம்பரக் கம்பெனிச் சம்பளம்தானே சோறு போட்டது? ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. படம் நின்றிருந்த காலத்தில் அவரை வாட்டிய கவலைகள் மூன்று. அபுவின் குரல் உடைந்துவிடக் கூடாது, துர்கா வளர்ந்துவிடக் கூடாது, பாட்டி இறந்துவிடக் கூடாது. மூன்றும் நடக்கவில்லை என்பதை அவர் அற்புதம் என்றே கருதினார். மிட்டாய்க்காரராக நடித்தவர் மட்டும் இடையில் இறந்துவிட்டார். அவர் உருவத்தை ஒத்த இன்னொருவரை முதுகு மட்டும் தெரியும்படி நடக்கவைத்துச் சமாளித்தார்கள்.

உதவி தாயார் வழியாக வந்தது. சுப்ரபா அவர்கள் தமக்குத் தெரிந்த ஒருவர் மூலம் மேற்கு வங்க முதலமைச்சர் டாக்டர் பி. சி. ராய் அவர்களுக்குச் செய்தி எட்டச் செய்தார். சர்க்கார் பணம் தவணை தவணையாகக் கிடைத்தது. படத்தின் பெயருக்குப் பாதையின் பாட்டு என்று பொருள். ஆகவே அந்தப் பணம் சாலை அபிவிருத்திக் கணக்கில் எழுதப்பட்டது என்று சொல்வார்கள். கதை முடிவில் அக்குடும்பம் ஊரை விட்டுப் போவதை மாற்றி, கிராம முன்னேற்றத் திட்டத்தில் சேர்வதாகக் காட்டலாமே என்ற யோசனையும் அதிகாரிகளிடமிருந்து வந்தது. பணம் அவர்கள் கையில் இருந்தபோதும் ரே அவர்கள் அதற்கு இணங்கவில்லை. எங்களுக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நியூயார்க் நவீன கலைக்கூடத்திலிருந்து வந்த ஒருவர் படத்தின் சில புகைப்படங்களைக் கண்டு, அதைத் தங்கள் கண்காட்சியில் திரையிட விரும்பினார். நாளோ நெருங்கிவிட்டது. ரே அவர்களும் எடிட்டர் துலால் தத்தாவும் கடைசிப் பத்து நாட்கள் இரவும் பகலும் தூக்கமின்றி வேலை செய்தார்கள். பண்டிட் ரவிசங்கர் ஒரே நாளில் சுமார் பதினோரு மணி நேரத்தில் பின்னணி இசையை முடித்துக் கொடுத்தார். 1955 மே 3ஆம் நாள் நியூயார்க்கில் படம் காட்டப்பட்டது. ஆகஸ்டு 26ஆம் நாள் கல்கத்தாவில் வெளியாயிற்று. முதலில் கூட்டம் குறைவு. பின்னர் பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்லக் கொட்டகைகள் நிரம்பின. இந்தியாவின் வறுமையை வெளிநாட்டில் காட்டுவதா என்று சிலர் முணுமுணுத்தபோது, நேருஜி படத்தைப் பார்த்து நெகிழ்ந்து அதை அனுப்பத் துணை நின்றார். 1956இல் கேன்ஸ் விழாவில் சிறந்த மனித ஆவணம் என்ற பரிசு அதற்குக் கிடைத்தது. சுனிபாலா தேவி இவற்றையெல்லாம் காண உயிருடன் இல்லை. ஆனால் அவர் மறைவதற்கு முன் ரே அவர்கள் புரொஜக்டரை அவர் வீட்டிற்கே கொண்டு சென்று படத்தைக் காட்டிவிட்டார்.

அதில் வரும் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பாசிமணி மாலை காணாமல் போகிறது. துர்காதான் எடுத்தாள் என்கிறார்கள். அவள் மறுக்கிறாள். அவமானம் தாங்காத தாய் அவள் தலைமயிரைப் பற்றி இழுத்து வெளியே தள்ளுகிறாள். பிறகு மழையில் நனைந்து காய்ச்சல் கண்டு துர்கா இறந்துவிடுகிறாள். ஊரை விட்டுப் புறப்படும் நாளில், உயரத்தில் இருந்த ஒரு சிரட்டையை அபு எடுக்கும்போது அதற்குள்ளிருந்து அந்த மாலை விழுகிறது! அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஓடிப்போய்க் குளத்தில் எறிகிறான். பாசி விலகி, மீண்டும் மூடிக்கொள்கிறது. புரூனோ தன் தந்தையின் கையைப் பிடித்ததும் இதுவும் ஒன்றுதான் என்று எங்களுக்குப் பட்டது. டி சிகாவின் படத்திலும் திருட்டு, இங்கும் திருட்டு. இரண்டையும் அறிந்துகொண்டது ஒரு சிறுவன். ஆனால் அந்தத் திருட்டு நாவலிலேயே இருக்கிறது. லண்டனில் அந்த இத்தாலியப் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே ரே அவர்கள் அக்கதைக்குச் சித்திரம் வரைந்தவர். ஒருவேளை அதனால்தான் அந்தப் படம் அவரை அப்படிப் பிடித்துக்கொண்டதோ?

துர்கா இறந்தது அறியாத தந்தை ஊரிலிருந்து வந்து, அவளுக்கென்று வாங்கிய சேலையை எடுத்துக் காட்டுகிறார். தாய் அதைப் பற்றிக்கொண்டு கதறுகிறாள். அந்தக் கதறல் நமக்குக் கேட்பதில்லை. தார் ஷெனாய் என்னும் கருவியின் ஒலிதான் கேட்கிறது. அரங்கில் சிஸ்டர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தோம்.

பின்னர் வந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். அபுவின் கதையைத் தொடர்ந்து 'அபராஜிதோ' (1956), 'அபுர் சன்சார்' (1959) ஆகிய படங்களை எடுத்தார். முன்னது 1957இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கப் பரிசு பெற்றது. பட்டணத்தில் படிக்கும் மகனை எதிர்பார்த்துக் கிராமத்தில் தனியே கிடந்து இறக்கும் தாயின் கதை அது. விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு வீட்டிற்குக் கடிதம் எழுதாமல் இருக்க மாட்டார்கள். 'மகாநகர்' (1963), 'சாருலதா' (1964) இரண்டும் பெண்களைப் பற்றியவை. 1961 முதல் தம் படங்களுக்கு இசையையும் தாமே அமைத்தார். நின்று போயிருந்த சந்தேஷ் இதழை அதே ஆண்டில் மீண்டும் தொடங்கி, அதில் சிறுவர்களுக்கு எழுதினார். துப்பறியும் ஃபெலுதாவை அறியாத வங்கப் பிள்ளைகள் உண்டா? மகனுக்காகப் பாட்டனார் எழுதிய கதை ஒன்றையும் படமாக்கினார். நம் தமிழ்நாட்டோடும் அவருக்கு ஓர் உறவு உண்டு. பதினான்கு வயதில் கல்கத்தாவில் பார்த்து வியந்த பாலசரஸ்வதி அம்மையாரின் பரதநாட்டியத்தை, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 1976இல் 'பாலா' என்ற செய்திப்படமாக எடுத்தார்.

1983இல் இருதய நோய் கண்டது. அதன் பிறகு மருத்துவர்கள் வெளிப்புறப் படப்பிடிப்புக்கு இடம் தரவில்லை. நாணற் காட்டில் தொடங்கியவர் கடைசிப் படங்களை அறைக்குள்ளேயே எடுத்தார். ஆஸ்கார் விருதை மருத்துவமனைப் படுக்கையில் பெற்றுக்கொண்டார். 1992 ஏப்ரல் 23ஆம் நாள் காலமானார்.

மறு ஆண்டு லண்டனில் ஒரு ஃபிலிம் லாபரட்டரியில் தீப்பற்றியது. அங்கே வைத்திருந்த 'பதேர் பாஞ்சாலி'யின் மூல நெகடிவ் சுருள்களும் தீயில் சிக்கின. கருகிச் சுருங்கி ஒட்டிக்கொண்ட அவற்றை யாரும் எறிந்துவிடவில்லை. அமெரிக்காவில் பெட்டிகளில் பத்திரமாக வைத்திருந்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அவை இத்தாலி நாட்டின் பொலோனா நகரத்துக் கூடம் ஒன்றிற்குப் போய்ச் சேர்ந்தன. அங்குள்ள தொழில் வல்லுநர்கள் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் உழைத்து, ஒட்டியதைப் பிரித்து, கிழிந்த ஓரங்களைக் கையால் ஒட்டி, பயன்படக் கூடியவற்றையெல்லாம் மீட்டார்கள். மீளாத பகுதிகளை வேறு பிரதிகளிலிருந்து சேர்த்தார்கள். முதன்முதலில் காட்டப்பட்ட அதே நியூயார்க் கலைக்கூடத்தில் 2015 மே மாதத்தில், சரியாக அறுபது ஆண்டுகள் கழித்து, நாணற்பூக்களுக்கு நடுவே அபுவும் துர்காவும் மறுபடியும் ரயிலைப் பார்க்க ஓடினார்கள். நாங்கள் பார்த்தது அந்தப் பிரதிதான்.